நித்திரை வரேல்லை என்று எழுதியவர்களுக்கு

போன இதழில் உங்கள் நித்திரை எப்படி என்று ஒரு வரிதான் கேட்டிருந்தோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மடுப் பக்கம் என்று வன்னி முழுக்க இருந்து கடிதங்கள் வந்துவிட்டன. பாதிப்பேர் நித்திரையைப் பற்றி எழுதத் தொடங்கி, வயல், கடன், பிள்ளையின் சோதனை, வெளிநாட்டு அழைப்பு என்று எழுதி முடித்திருக்கிறார்கள். அதுவும் சரிதான். இரவு நித்திரை நல்லா வருமா வராதா என்பது பெரும்பாலும் அன்றைய பகலிலேயே முடிவாகிவிடுகிறது. கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

பரந்தனிலிருந்து 38 வயதுச் சகோதரி: ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன். பதினொரு மணி வரைக்கும் புரளுகிறேன். பிறகு மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை கண் மூடாது, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். நேரத்துக்குப் படுத்தும் ஏன் இப்படி?

தங்கச்சி, நேரத்துக்குப் படுப்பதைக் கொஞ்சம் மறந்துவிட்டு நேரத்துக்கு எழும்புங்கள். எந்த நேரத்துக்கு நித்திரை வரவேண்டும் என்று நாங்கள் உத்தரவு போட முடியாது, எழும்பும் நேரம் மட்டும்தான் எங்கள் கையில் இருக்கிறது. ஐந்தரை என்றால் ஐந்தரை, ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரை, முதல்நாள் இரவு இரண்டு மணிநேரம்தான் கண் மூடியது என்றாலும் ஐந்தரை. எழும்பியதும் அடுப்படிக்குள் போய்விடாமல் முற்றத்துக்கு வாருங்கள். கூட்டுங்கள், கிணற்றடிக்குப் போங்கள், பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுங்கள், எதுவானாலும் சரி, அரை மணிநேரம் வெளிவெளிச்சம் கண்ணில் படவேண்டும். மூளைக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. விட்டுவிட்டால் அது பலருக்கு 24 மணிநேரத்தைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும், காலை வெளிச்சம்தான் அதை ஒவ்வொரு நாளும் சரியாக்குகிறது. அந்த மணிக்கூடு உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசே கொடுத்தார்கள்.

அடுத்தது, நித்திரைக்கும் வயிற்றுப்பசி போல ஒரு பசி இருக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது நிறையச் சேர்ந்தால்தான் படுத்தவுடன் அயரும். மத்தியானம் ஒன்றரை மணிநேரம் படுத்தெழும்பினால் அந்தப் பசியில் ஒரு பங்கு தீர்ந்துபோகும். கட்டாயம் படுக்கவேண்டும் என்றால் அரை மணிக்குள், அதுவும் மூன்று மணிக்கு முன்னம் எழும்பிவிடுங்கள். பிளேன்ரீயில் உள்ள கஃபீன் இந்த அடினோசினின் வேலையைத் தடுக்கிறது, குடித்து ஐந்து மணிநேரம் போனாலும் ஏறக்குறையப் பாதி இரத்தத்தில் நிற்கும். எங்கள் வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு பிளேன்ரீ போகிறது. பின்னேரம் மூன்று, நாலு மணியோடு அதை நிறுத்திவிட்டு இரவில் மல்லித்தண்ணி குடியுங்கள்.

ஒன்பது மணிக்குப் படுக்காதீர்கள். உங்களுக்குப் பதினொரு மணிக்குத்தான் நித்திரை வருகிறது என்றால் பத்தரைக்குப் படுங்கள். ஒன்பதிலிருந்து புரளும் நேரத்தில் உடம்பு படிக்கும் பாடம் என்னவென்றால், படுக்கை யோசிக்கிற இடம் என்பதுதான். மூன்று மணிக்கு முழிப்பு வருவதில் பிழை ஒன்றுமில்லை. நித்திரை ஒன்றரை மணிநேரச் சுற்றுகளாகப் போவது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாருக்கும் லேசாக முழிப்பு வரும். ஆழமான நித்திரை முதல் பாதியிலேயே முடிந்துவிடுவதால், சாமம் கடந்து வரும் முழிப்பு மட்டும் நினைவில் நிற்கிறது. நேரத்தைப் பார்த்து ‘இன்னும் இரண்டு மணிநேரம்தான்’ என்று கணக்குப் போட்டவுடன் நெஞ்சு அடிக்கத் தொடங்கும். அதனால் மணிக்கூட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பிவையுங்கள், போனை அடுப்படியில் சார்ஜுக்குப் போடுங்கள். இருபது நிமிடம் போயிருக்கும் என்று தோன்றினால் எழும்பி விறாந்தையில் மங்கல் வெளிச்சத்தில் இருங்கள். உடுப்பு மடியுங்கள், தேவாரம் தெரிந்தால் வாய்க்குள் சொல்லுங்கள், கண் கனத்தபிறகு திரும்பிப் படுங்கள். முதல் வாரம் இன்னும் மோசமாக இருக்கும், பகலில் களைப்பாகக்கூட இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

நாளைக்குச் செய்யவேண்டிய வேலைகள் மனதில் ஓடுகின்றன என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு அதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அப்படி எழுதிவிட்டுப் படுத்தவர்கள் கெதியாக அயர்ந்ததை ஆய்விலும் கண்டிருக்கிறார்கள். இதெல்லாம் செய்தும் வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ, மூன்று மாதமாக இப்படியே இருந்தால் அது வருத்தம், வைத்தியரிடம் போகவேண்டும்.

கனகராயன்குளத்திலிருந்து ஓர் அம்மா: மகனும் மகளும் கனடாவில். அவர்கள் வேலை முடிந்து எடுக்கும்போது எனக்கு விடியப்புறம் மூன்று மணி. எடுக்காவிட்டாலும் எடுப்பார்களோ என்று முழிப்பு வந்துவிடுகிறது. எடுக்கவேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

எடுக்கவேண்டாம் என்று சொல்லவேண்டாம் அம்மா, நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். ரொறன்ரோ எங்களுக்குக் கோடையில் ஒன்பதரை மணிநேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணிநேரமும் பின்னுக்கு நிற்கிறது. அவர்கள் காலமை எட்டு மணிக்கு வேலைக்குப் போகும் வழியில் எடுத்தால் உங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை, குளிர்காலம் என்றால் ஆறரை. அங்கே இரவு ஒன்பதுக்குப் பேரப்பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு எடுத்தால் உங்களுக்கு அடுத்தநாள் காலமை ஆறரை, அல்லது ஏழரை. இரண்டும் நீங்கள் முழித்திருக்கும் நேரம், ஆறுதலாகக் கதைக்கலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது, நீங்கள் சொன்னால் சந்தோசமாக மாற்றுவார்கள். அம்மா நித்திரை முழித்திருந்துதான் தன்னோடு கதைக்கிறாள் என்று எந்தப் பிள்ளையும் விரும்பாது.

காத்திருக்கும் மனம்தான் உங்களை எழுப்புகிறது. சாமத்தில் வந்த அழைப்புகள் எல்லாம் கெட்ட செய்தியாகவே இருந்த ஒரு காலம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது, அதனால் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கும் பழக்கம் இலேசில் போகாது. அவசரத்துக்கு அழைக்கப் பிள்ளைகளின் இலக்கத்துக்கு மட்டும் மணி அடிக்கும்படி போனில் போட்டுவிடலாம், பக்கத்து வீட்டுத் தம்பியைக் கேட்டால் செய்து தருவார். மற்ற வட்ஸ்அப் சத்தம் எல்லாம் அடங்கிவிடும். பிறகு போனைச் சத்தம் கேட்கும் தூரத்தில், கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து ஒரு விவசாயி: காலபோகக் கதிர் முற்றத் தொடங்கினால் இரண்டு மாதம் யானைக் காவல். இரவு ஏழுக்குக் கொட்டிலுக்குப் போனால் விடிய ஆறுக்குத்தான் வீடு. பகலில் மூன்று மணிநேரம்கூட நித்திரை இல்லை. எட்டு மணிநேரம் படுக்கச் சொல்லும் டொக்டர்மாருக்கு எங்கள் வாழ்க்கை தெரியாது.

அண்ணை, நீங்கள் சொல்வது நூறு வீதம் நியாயம். வயலை யானையிடம் விட்டுவிட்டுப் படுக்கச் சொல்லி நான் எழுதமாட்டேன். ஆனால் இந்த இரண்டு மாதத்தையும் கொஞ்சம் கெட்டித்தனமாக ஓட்டலாம்.

காவலைத் தனியே செய்யாதீர்கள். பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து இரவை இரண்டாக வெட்டுங்கள், ஒருவர் எட்டிலிருந்து ஒரு மணி வரை கொட்டிலுக்குள் நுளம்பு வலைக்குள்ளே படுக்கட்டும், மற்றவர் ஒரு மணியிலிருந்து ஆறு வரை. இரவில் ஐந்து மணிநேரம் ஒரே இழுவையாக நித்திரை கிடைப்பது, அடிக்கடி முழித்து முழித்துப் படுப்பதைவிட உடம்புக்கு நல்லது. நாளைக்கு நாள் முறையை மாற்றாமல் ஒருவர் ஒரே பாதியை ஒரு வாரமாவது வைத்திருங்கள். மிச்சத்தைப் பகலில் எடுங்கள். வீட்டுக்கு வந்து கஞ்சியைக் குடித்துவிட்டு உடனே படுக்கவேண்டும், மாட்டைப் பார்த்து, சந்திக்குப் போய், பதினொரு மணிக்குப் படுத்தால் சூட்டில் நித்திரை வராது. சன்னலுக்குக் கறுத்தச் சீலை கட்டுங்கள், போனை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். பின்னேரம் காவலுக்குப் போகமுன் இன்னும் ஒரு மணிநேரம், ஒன்றரை மணிநேரம் கண் அயருங்கள். கோப்பி குடிப்பதென்றால் உங்கள் முறை தொடங்கும்போது குடியுங்கள், முடியும் நேரத்தில் குடித்தால் காலமை நித்திரை கெடும்.

இரண்டு விடயத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும். ஆழ்ந்த நித்திரையில் இருந்து திடீரென்று எழும்பியவருக்கு மூளை தெளியப் பத்துப் பதினைந்து நிமிடமாவது, சிலவேளை அரை மணிநேரம்கூடச் செல்லும். அந்த நேரத்தில் தூரம் மட்டுப்படாது, ஓடும் திசை பிழைக்கும். ‘யானை வந்திட்டுது’ என்று சத்தம் கேட்டவுடன் வெடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடும் ஆள், இப்பதான் முழித்த ஆளாக இருக்கக்கூடாது. முழித்திருந்தவர் முன்னால் நிற்கட்டும், மற்றவர் முகத்தைக் கழுவி ரோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கட்டும். அடுத்தது மோட்டார் சைக்கிள். 17 மணிநேரத்துக்கு மேல் தொடர்ந்து முழித்திருந்தவரின் கை, கண் வேகம் மது எடுத்தவருடையதைப் போலக் குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். கண் சொக்கினால் கொட்டிலிலேயே இருபது நிமிடம் சாய்ந்துவிட்டு வாருங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து உயர்தர மாணவி: இரவு ஒரு மணிவரை படிக்கிறேன். அம்மா நாலரைக்கு எழுப்புகிறா. வகுப்பில் நித்திரை தூங்குகிறேன். மூன்றரை மணிநேரம் போதாதா?

போதாது பிள்ளை. உங்கள் வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணிநேரம் வேண்டும். படித்ததைத் தற்காலிக இடத்தில் இருந்து நிரந்தர இடத்துக்கு மூளை மாற்றுவது நித்திரைக்குள்தான் நடக்கிறது. ஒரு மணிவரை படித்துவிட்டு மூன்றரை மணிநேரம் படுப்பவர், படித்ததில் ஒரு பங்கைத் தானே கைவிடுகிறார். இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்: பதின்ம வயதில் நித்திரையைக் கொண்டுவரும் மெலற்றோனின் பெரியவர்களைவிடப் பிந்தித்தான் சுரக்கிறது. பிள்ளை பத்து மணிக்குப் படுக்காததும் நாலரைக்கு எழும்ப முடியாததும் சோம்பலால் வருவதல்ல அம்மா.

விடியப்புறப் படிப்பு, சாமப் படிப்பு, இரண்டில் ஒன்றை விடவேண்டும். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்குவதால் பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும்புவது நடக்கக்கூடியது. எட்டு மணிநேரத்துக்கு ஒரு மணி குறையும், அதில் கொஞ்சத்தைப் பள்ளியால் வந்து சாப்பிட்டுவிட்டு, ரியூசனுக்குப் போகமுன் இருபத்தைந்து நிமிடம் படுத்து எடுங்கள். பாடக் குறிப்புகள் எல்லாம் வட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, எட்டு மணிக்கு முதலே அவற்றை எடுத்துக் கொப்பியில் எழுதிவிடுங்கள், கடைசி ஒரு மணிநேரம் புத்தகத்தோடு மட்டும் இருங்கள். போன் வெளிச்சம் மெலற்றோனைத் தள்ளிப்போடும். அதைவிடப் பெரிய கேடு, குழுவில் ஒருத்தி ‘நான் இன்னும் படிக்கிறன்’ என்று போடும் செய்தி. சனி ஞாயிறில் ஒரு மணிநேரம் கூடப் படுக்கலாம், மத்தியானம்வரை படுத்தால் திங்கட்கிழமை திரும்ப முதலில் இருந்துதான். சோதனைக்கு முதல்நாள் இரவு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் முழித்திருக்காதீர்கள்.

மல்லாவியிலிருந்து: தகரக் கூரை வீடு. சித்திரை, வைகாசியில் பன்னிரண்டு மணிவரைக்கும் அனல். கரண்ட் போனால் ஃபானும் இல்லை.

அயர்வதற்கு உடம்பின் உட்சூடு கொஞ்சம் இறங்கவேண்டும், தகரத்தின் கீழ் அது நடக்காது. கூரையை மாற்றக் காசு வேண்டும், கிடுகு வேயக் காசு குறைவு. தகரத்துக்கு மேல் கிடுகைப் பரப்பிக் கட்டினால் பகல் வெயில் தகரத்தில் நேரே விழாது, அடுப்புப் பொறி போகாத பக்கமாகப் பார்த்துக் கட்டுங்கள். படுக்க ஒரு மணிநேரம் முதல் கிணற்றில் நல்லா முழுகுங்கள், தண்ணீர் குளிர்ந்திருக்கவேண்டும் என்றில்லை, பகல் முழுக்கத் தொட்டியில் காய்ந்த இளஞ்சூட்டுத் தண்ணீரும் தோலால் சூட்டை வெளியேற்றும். மெத்தையைச் சுவரில் சாத்திவிட்டுச் சீமெந்து நிலத்தில் பாயைப் போடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிடலாம், நுளம்பு வலை இருந்தால் நுளம்புத்திரிப் புகை தேவையில்லை. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்தது உண்மைதான், ஆனாலும் காதடியில் ஒரு நுளம்பு இரைந்தால் நித்திரை போய்விடும், வலையைக் கைவிடாதீர்கள். விறாந்தையில் படுப்பவர்கள் பூச்சி, பாம்புக்கு வலையைப் பாயின் கீழ் இறுக்கிச் செருகுங்கள்.

முல்லைத்தீவு மாவட்டம், ஊர் போடவேண்டாம் என்று எழுதிய சகோதரி: செல்லடிக் கனவு வந்து எழும்புகிறேன். பங்கருக்குள் இருப்பதுபோல மூச்சு முட்டும். 2009இல் சண்டை முடிந்து இத்தனை வருடம் போயும் ஏன் போகவில்லை? வீட்டுக்காரர் குடித்தால்தான் படுக்கிறார்.

அக்கா, இத்தனை வருடம் போயும் என்று உங்களை நீங்களே குறைசொல்லாதீர்கள். உயிர் தப்பவேண்டிய நேரத்தில் மூளை எழுதி வைத்தது அது, நாட்காட்டி பார்த்து அழியாது. வைகாசி பிறக்க இந்தக் கனவு கூடும் என்று வேறு கடிதங்களிலும் இருக்கிறது, நீங்கள் தனியாக இல்லை.

முழிப்பு வந்தவுடன் செய்ய ஒரு வேலை வைத்திருங்கள். இரண்டு காலையும் குளிர்ந்த நிலத்தில் ஊன்றுங்கள், சின்ன லைற்றைப் போடுங்கள், முகத்தைக் கழுவுங்கள், ‘இது என்ர வீடு, பிள்ளைகள் படுத்திருக்கினம், இண்டைக்கு இன்ன திகதி’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். படுக்கைக்குத் திரும்ப அவசரப்படவேண்டாம். திரும்பத் திரும்ப வரும் கனவுக்கு ஒரு சிகிச்சை இருக்கிறது: பகலில், உளவளத்துணையாளர் பக்கத்தில் இருக்க, அந்தக் கனவின் முடிவை நீங்கள் விரும்பியபடி மாற்றி, மாற்றிய கதையை ஒவ்வொரு நாளும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. நிறையப் பேருக்குக் கனவின் கடுமை குறைந்திருக்கிறது. இதைத் தனியே தொடங்காதீர்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அங்கே போவதைப் பைத்தியம் என்று சொல்பவர்களின் வாயைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய காலம் போய்விட்டது. போக முடியாத இரவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கவேண்டாம், அன்றைக்கே போங்கள்.

வீட்டுக்காரருக்கு: சாராயம் கண்ணை மூடவைக்கும், நித்திரையைத் தராது. முதல் பாதி கட்டைபோல் கிடப்பார், பின்பாதியில் திரும்பத் திரும்ப முழிப்பு வரும், முதல் பாதியில் அமுங்கிய கனவெல்லாம் அப்போது கூடி வரும். அவருக்கும் உங்களைப் போலக் கனவு வருகிறதா என்று ஒருநாள் ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள், பலர் அதை மறைக்கத்தான் குடிக்கிறார்கள். நிறைய நாள் கூடக் குடித்தவர் சடுதியாக நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம், வைத்தியரைக் கேட்டுத்தான் குறைக்கவேண்டும்.

செட்டிகுளம்: பாமசியில் தடிமன் குளிசை வாங்கிப் போட்டால் நல்ல நித்திரை. தொடர்ந்து போடலாமா?

வேண்டாம். சில நாளில் அந்த மயக்கம் பழகிப்போகும், அடுத்தநாள் தலை கனக்கும். வயது போனவர்களுக்குத் தடுமாறி விழுதல், சலம் கட்டுதல் எல்லாம் வரலாம். வைத்தியர் எழுதித் தந்த நித்திரைக் குளிசை ஏற்கெனவே எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், அவரிடமே கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

மாங்குளம், 71 வயது ஐயா: எட்டு மணிக்கு அயர்ந்தால் மூன்று மணிக்கு முழிப்பு. இரண்டு மூன்று முறை சலத்துக்கும் எழும்புகிறேன்.

எட்டிலிருந்து மூன்றுவரை ஏழு மணிநேரம் ஐயா, உங்கள் வயதுக்கு அது போதும். வயது போகப்போக உடம்பின் மணிக்கூடு முன்னுக்கு நகரும். நாலரை, ஐந்துவரை படுக்க விருப்பம் என்றால் பின்னேரம் ஐந்தரை மணிக்கு வெளியே வெளிச்சத்தில் நடந்து, பேரப்பிள்ளைகளோடு கதைத்து, ஒன்பதரைவரை முழித்திருக்கப் பாருங்கள், சாய்மனைக் கதிரையில் பகல் முழுக்கக் கண் அயர்வதையும் குறையுங்கள். சலத்துக்கு எழும்புவதை வயது என்று விடவேண்டாம். சீனி வருத்தம் இருக்கலாம், ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்ரேற் சுரப்பி வீக்கம் இருக்கலாம், கால் வீங்கினால் அந்த நீர் படுத்தபிறகு சலமாக இறங்கும். ஒருமுறை சோதியுங்கள். போகும் வழியில் மங்கலாக ஒரு லைற் இருக்கட்டும், இருட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எழும்புவது கஷ்டம்.

விசுவமடு: கணவர் விழுந்தவுடன் குறட்டை. இடையில் மூச்சே நின்று பிறகு திணறி எழும்புகிறார். பகலில் ட்ரக்டரில் இருந்தபடியே தூங்குகிறார். நல்ல நித்திரைக்காரன் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அது நல்ல நித்திரையில்லை தங்கச்சி, தள்ளிப்போடாமல் காட்டுங்கள். தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவதால் இரவு முழுக்க மூளை அவரை எழுப்பிக்கொண்டே இருக்கிறது, அவருக்குத்தான் அது தெரியாது. விட்டால் பிரஷர் ஏறும், இருதயத்துக்கும் கூடாது. நல்ல சிகிச்சை இருக்கிறது. அதுவரைக்கும் மல்லாக்கப் படுக்கவிடாமல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், இரவில் மது வேண்டாம், நித்திரைக் குளிசை கிட்டவும் வேண்டாம், கண் சொக்கும் நாளில் ட்ரக்டரை வேறு ஆள் ஓட்டட்டும். வைத்தியரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள், தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் அவர் சொல்லுவார். மூச்சு நிற்கும் அந்த இடத்தை இரவில் போனில் ஒரு நிமிடம் பதிந்து கொண்டுபோய்க் காட்டுங்கள்.